ஒரு மாதிரியா இருக்கு

திருமங்கலத்துக்காரரின் குரலை தர்ஷினி ஏழாவது தடவையாகக் கேட்டாள். மொத்தமே முப்பத்தோரு விநாடி. ஆளுக்கு வயது நாற்பத்தொன்பது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டயர் கடை.

"அது வந்து... பெருசா ஒண்ணுமில்லைங்க. காலையிலருந்து ஒரு மாதிரியா இருக்கு. முதுகுல லேசா பிடிச்சாப்ல. வாயுவா இருக்கும். சும்மா கேட்டு வச்சுக்கலாம்னுதான் அடிச்சேன்."

"நெஞ்சு வலி இருக்கிறதா?" என்று கேட்டது செவி.

"இல்லைங்க."

செவி அவருக்கு இருபத்திரண்டு மதிப்பெண் போட்டது. ஓய்வெடுங்கள், வெந்நீர் குடியுங்கள், நாளைக்கு ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றது. அவர் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். இரண்டு மணி நேரத்தில் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அந்த நன்றிதான் தர்ஷினியை உட்கார விடவில்லை. எழுந்து தண்ணீர் கேன் வரைக்கும் நடந்தாள், குடிக்காமலே திரும்பி வந்தாள், மறுபடி ஹெட்போனை மாட்டினாள்.

மதுரை வட்டாரத்தில் யார் ஆம்புலன்சுக்கு அழைத்தாலும் முதலில் எடுப்பது மனிதர் அல்ல, செவிதான். பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடும் இயந்திரம். அறுபதும் அதற்கு மேலும் வந்தால் வண்டி கிளம்பும். அதற்குக் கீழே என்றால் புத்திமதி மட்டும் கிளம்பும். அந்தச் செவிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வேலை தர்ஷினிக்கு. ஜனங்கள் பேசுவதிலிருந்து நோயைக் காட்டும் சொல் எது, வெறும் பேச்சு எது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மாதத்தில் டயர் கடைக்காரர் ஒன்பதாவது ஆள். ஒன்பது பேரும் ஆண்கள். ஒன்பது பேருக்கும் நெஞ்சு வலி இல்லை. ஒன்பது பேருமே சேலை ஊசி போட்டவர்கள்.

அதற்கு அரசு வைத்த பெயர் இதயக் காப்பு ஊசி. சேலை ஊசி என்பது ஊர் வைத்த பெயர். பெண்களுக்கு மாரடைப்பு பத்து வருஷம் தாமதமாக வருகிறதே, அந்தப் பாதுகாப்பை ஆண்களுக்கும் கொடுப்போம் என்று கண்டுபிடித்தது. வந்த புதிதில் டீக்கடைகளில் பெரிய கேலி. ஊசி போட்டவனிடம் பூ எத்தனை முழம் வேணும் என்று கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் மாரடைப்புச் சாவு பாதியாகக் குறைந்ததும் கேலி பேசியவர்கள்தான் வரிசையில் முதலில் நின்றார்கள். தர்ஷினியின் கணவன் ரகுபதியும் நின்றான். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. நாற்பது தாண்டிய ஆண்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இப்போது அதில்தான் ஓடுகிறார்கள்.

தர்ஷினி டாக்டர் எபனேசரின் அறைக்குப் போனாள். மையத்தின் மருத்துவத் தலைவர் அவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசுகிறவர். மேஜையில் ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. வீட்டுல சமையல் சரியில்ல. ஸ்டெல்லா ஒரு மாசமாவே டல்லா இருக்கா. ஒரு மாதிரியா இருக்கு, ஒரு மாதிரியா இருக்குன்னு ஒரே பாட்டு. கேஸ் மாத்திரை போடுன்னா கேட்டாத்தானே?"

தர்ஷினி டயர் கடைக்காரரின் குரலைப் போட்டுக்காட்டினாள். அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊசி போட்டா மாரடைப்பு வராதுன்னாங்களே சார்?"

"வர்ற விதம் மாறிருச்சும்மா. ரத்தக் குழாயோட உள்சுவர்ல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. காலிங் பெல் பட்டன்னு வச்சுக்க. ஈஸ்ட்ரோஜன் வந்து அமுக்குனா குழாய் இளகிக் கொடுக்கும், கொழுப்பு சட்டுனு ஒட்டாது. பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நிக்கிற வரைக்கும் அதை அமுக்க ஆள் வந்துக்கிட்டே இருக்கும். ஆம்பளை உடம்புலயும் பட்டன் இருக்கு, வர்ற ஆள்தான் கம்மி. இந்த ஊசி என்ன பண்ணுதுன்னா, ஆள் வராமலே பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்குது. குழாய்லயும் இதயத்துலயும் மட்டும். வேற எங்கயும் கை வைக்காது."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். பெரிய குழாய்ல அடைக்கிறது குறைஞ்சு போச்சு. ஆனா இப்ப சின்னக் குழாய்ல வருது. தலைமயிர் கணக்கா இருக்கிறதெல்லாம் சுருங்கிக்குது. ஆஞ்சியோ பண்ணிப் பாத்தா சுத்தமா இருக்கும். ஆளு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழ மாட்டான். அசதி, முதுகு, தாடை, குமட்டல்... பல பொம்பளைங்களுக்கு வருமே, அந்த மாதிரி."

"பொம்பளையோட பாதுகாப்பைக் கொடுத்தோம். கூடவே பொம்பளையோட நோயும் வந்துருச்சு. அப்படித்தானே சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"விலக்கு நின்ன பொம்பளைங்களுக்கும் இந்த ஊசியைப் போடலாம்ல?"

"சோதனை நடத்தாம எப்படிப் போடுறது? அந்த ஃபைல் ஒன்பது வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. முதல் சோதனைக்கு எடுத்த மாதிரியில பெண்கள் யாரும் இல்லம்மா."

தன் மேஜைக்குத் திரும்பி வந்து டயர் கடைக்காரரின் பேச்சை எழுத்தில் திறந்தாள். செவி எதைப் படித்து மதிப்பெண் போட்டதோ அந்த எழுத்து. 'காலையிலிருந்து. முதுகு, லேசாகப் பிடிப்பு. வாயு.' அவ்வளவுதான் இருந்தது. அவர் முதலில் சொன்ன சொல்லைக் காணோம்.

எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆபீசில் அதற்கு உமி என்று பெயர். அதாவது, வந்து, பாருங்க, என்னமோ, இந்த... எதைச் சொல்வதற்கும் முன்னால் ஜனங்கள் போட்டுக்கொள்ளும் சொற்களையெல்லாம் புடைத்து எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் செவிக்குக் கொடுப்பார்கள். உமிப் பட்டியலைத் திறந்து கீழே இறக்கிக்கொண்டே போனாள். நாற்பத்தோராவது வரி. 'ஒரு மாதிரி, ஒரு மாதிரியா, ஒரு மாதிரியா வருது.' பக்கத்தில் சேர்த்தவர் பெயர், தேதி. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. சேர்த்தவர், தர்ஷினி.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. பழைய அழைப்புகளை ஆயிரக்கணக்கில் கேட்டு, எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினாள். பெண்கள் பேசிய அழைப்புகளில் பத்துக்கு ஆறில் இந்தச் சொல் இருந்தது. காய்ச்சலுக்கும் இதுதான், தலைசுற்றலுக்கும் இதுதான், மாரடைப்புக்கும் இதுதான். எல்லாவற்றிலும் வருகிற சொல்லுக்கு அர்த்தம் ஏது என்று நினைத்து உமியில் போட்டாள். அன்றைக்கு மேலதிகாரி கெட்டிக்காரி என்று பாராட்டி ஒரு பால்கோவா பாக்கெட் கொடுத்தார்.

பிறகு செய்யக்கூடாத ஒரு கணக்கைப் போட்டாள். பத்தொன்பது வருஷ அழைப்புகளில், இந்தச் சொல்லைச் சொல்லி, வண்டி கிடைக்காமல், இரண்டு நாளுக்குள் இதயத்தால் இறந்த பெண்கள் எத்தனை பேர்?

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்தால் மதினி வினோதினி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்திருந்தாள். ரகுபதியின் அக்கா, வயது ஐம்பத்தைந்து, கல்யாணம் வேண்டாம் என்று நின்றவள், ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். இருபத்திரண்டு பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் கட்டைக் குரலாகிப் போனது. ஆனையூர் ரவுண்டானாவில் லாரிக்காரனே அவளுக்கு ஒதுங்கி வழிவிடுவான்.

"பல்லைப் பிடுங்கியாச்சுல்ல மதினி? இன்னுமா வலிக்குது?"

"பிடுங்குன பல்லும் வலிக்குது, பிடுங்காத பல்லும் வலிக்குது. டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிட்டான் போலருக்கு. நாளைக்குப் போய் அவன் பல்லைப் பிடுங்குறேன்."

தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாடை மட்டுந்தானா?"

"ரெண்டு வாரமா மாடி ஏறுனா ஒரு மாதிரியா வருதுத்தா. பிள்ளைக பையைத் தூக்கிக் கொடுக்கக்கூட முடியல. கிளினிக்குல ஈசிஜி எடுத்தான், ஒண்ணுமில்லன்னான். வீட்டுல ஏதாச்சும் டென்ஷனான்னு கேட்டான். ஆமா, என் தம்பி பொண்டாட்டி கொடுமை தாங்கலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சிப் பார்த்தாள். பரீட்சை நேரத்தில் வேனை நிறுத்தினால் பிள்ளைகள் எப்படிப் போகும், லீவு விடட்டும் என்றாள் மதினி. அதற்கு மேல் பேசினால் சண்டை வரும். ரகுபதி ரயில்வே சிக்னல் வேலை, அவனும் அக்காவிடம் வாயைக் கொடுக்க மாட்டான்.

ஒன்பது ஆண்கள் செத்த விஷயம் மேலே போனதும் கமிட்டி பதினோரு நாளில் கூடிவிட்டது. பெண்களுக்கான ஃபைல் ஒன்பது வருஷம் நடந்த அதே வராந்தாவில் இந்த ஃபைல் ஓடிற்று. நோய்க்குப் புதுப் பெயரே வைத்துவிட்டார்கள், மௌன மாரடைப்பு. எந்தக் காலத்திலும் இல்லாத ஒன்று திடீரென்று பூமியில் முளைத்ததைப் போலப் பேசினார்கள்.

தர்ஷினி தன் கணக்கைப் படித்தாள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்றபோது அறையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். கமிட்டியில் இருந்த ஒரே பெண் உறுப்பினர் சிரித்தபடி சொன்னார், "ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்லாத பொம்பளை யாரு? நானே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சொல்றேன். அதுக்கெல்லாம் வண்டி அனுப்புனா ஊர்ல இருக்கிற அத்தனை ஆம்புலன்சும் ரோட்லதான் நிக்கும்."

"ஆனா ஆம்பளைங்க அப்படிச் சொல்றதே அபூர்வம்" என்றார் இன்னொருவர். "சொன்னா, அதுக்கு அர்த்தம் இருக்கு."

முடிவு அன்றைக்கே வந்தது. நாற்பத்தோராவது வரியை உமியிலிருந்து எடுக்க வேண்டும், ஆண்களுக்கு மட்டும். ஊசி போட்ட ஆண் தன் வாயால் 'ஒரு மாதிரியா இருக்கு' என்று சொன்னால் ஐம்பத்தைந்து மதிப்பெண் கூடும். பெண்களைப் பற்றி அடுத்த கட்டத்தில் யோசிக்கலாம். டாக்டர் எபனேசர் தர்ஷினியின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த விதியைச் செவிக்குள் எழுத வேண்டியவளும் தர்ஷினிதான். எழுதினாள். 'ஆண் எனில்' என்று தட்டினாள். எழுதாமல் எழுந்து போயிருக்கலாம். போனால் இன்னொருவர் எழுதுவார், பத்தாவது ஆள் அதற்குள் சாவான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் மனுஷிக்குத் தூக்கம் வராது. அவளுக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் ஊர் முழுக்க சுவரொட்டி. பஸ்ஸின் பின்னால், டீக்கடைத் தட்டியில், சலூன் கண்ணாடியில். மீசை வைத்த ஒருவர் நெற்றியில் கை வைத்து நிற்பார். கீழே கொட்டை எழுத்தில், 'ஆண்களே! ஒரு மாதிரியா இருக்கிறதா? வெட்கப்படாமல் உடனே அழையுங்கள்.' மதினி தன் வேனின் முதுகிலும் அதை ஒட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த மதினி, மாடிப்படியில் நாலாவது படிக்கு மேல் ஏறவில்லை. தர்ஷினி சத்தம் கேட்டு ஓடி வந்தபோது கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் நிறம்.

"என்ன பண்ணுது மதினி?"

"ஒண்ணுமில்லத்தா... ஒரு மாதிரியா..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ரகுபதி கொடைரோட்டில் வேலையில் இருந்தான். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார வைப்பார்கள், செவியின் வண்டியில் போனால்தான் நேரே உள்ளே எடுப்பார்கள். தர்ஷினி போனை எடுத்தாள். வியர்வை, தாடை, மூச்சு எல்லாம் சொன்னாலும் முப்பத்தொன்றுக்கு மேல் வராது. கணக்கு அவளுக்கு அத்துப்படி, அவள் போட்ட கணக்கு.

"நோயாளி ஆணா, பெண்ணா?" என்று கேட்டது செவி.

"ஆண்" என்றாள் தர்ஷினி.

"பெயர், வயது?"

"ரகுபதி. ஐம்பத்திரண்டு."

"இதயக் காப்பு ஊசி போட்டிருக்கிறாரா?"

"போட்டிருக்கு."

"நோயாளியே பேசட்டும். என்ன செய்கிறது?"

நோயாளியே பேச வேண்டும் என்பதும் புது விதிதான். குரலை வைத்து ஆணா பெண்ணா என்று செவி பார்ப்பதில்லை. கூடவே அழுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நாலு குரல் குறுக்கே வருவதால் சொன்னதை நம்பிக்கொள்ளும். தர்ஷினி போனை மதினியின் வாயருகே வைத்தாள்.

"ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள் மதினி.

"எண்பத்தாறு. வண்டி கிளம்பிவிட்டது, ரகுபதி அவர்களே. அசையாமல் இருங்கள்."

மதினி அந்த நிலைமையிலும் கண்ணைத் திறந்து பார்த்தாள். "அடிப்பாவி, என்னைய ஆம்பளையாக்கிட்டியா?"

"பேசாதீங்க மதினி."

ஏழு நிமிஷத்தில் வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இறங்கியவன் கையில் இருந்த திரையைப் பார்த்தான், படியில் கிடந்த பெண்ணைப் பார்த்தான், தர்ஷினியைப் பார்த்தான். இவன் திரும்பிப் போனால் மதினியின் கதை இந்தப் படியிலேயே முடிந்தது. தர்ஷினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இதுக்கு எதுக்குக்கா கும்பிடு?" என்றான் அவன். குனிந்து மதினியின் தோளைத் தூக்கினான். "ரகுபதி சார், மெதுவா சாஞ்சுக்கங்க. இன்னைக்கு மட்டும் நீங்க மூணாவது சார்."

வண்டிக்குள் ஆக்சிஜனைப் பொருத்திக்கொண்டே சொன்னான். சுவரொட்டி ஒட்டின மறுநாளே ஆரம்பித்துவிட்டதாம். பெத்தானியாபுரத்தில் முருகேசன் என்று ஒரு அம்மா, கோரிப்பாளையத்தில் காஜா மைதீன் என்று ஒரு பாட்டி. "எங்க வீட்டுல எங்கம்மாவுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்க்கா. எங்கப்பா செத்து ஆறு வருஷமாச்சு. பேரு மட்டும் இன்னும் உபயோகமா இருக்கு."

மதினி பிழைத்துக்கொண்டாள். நல்ல காலம், இதயத்தில் ஒரு ஓரம் மட்டும்தான் போனது. ஆறு மாதம் வேன் ஓட்டக்கூடாது என்றதற்கு டாக்டரைத் திட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டில் அட்டையில் 'ரகுபதி, ஆண்' என்றே இருந்தது. நர்ஸ் யாரும் அதை அழிக்கவில்லை. மதினியைப் பார்க்க வந்த ரகுபதி தன் பெயரைப் படித்துவிட்டு வாசலில் நின்று அழுதான்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் எபனேசர் தர்ஷினியைக் கூப்பிட்டு ஒரு பட்டியலைக் கொடுத்தார். இருநூறு அழைப்புகள். "ஒரு விசித்திரம் நடக்குதும்மா. ஊசி போட்ட ஆண்களோட குரல் மெலிஞ்சுக்கிட்டு வருதுன்னு செவியே அறிக்கை கொடுத்திருக்கு. பக்கவிளைவா இருக்கலாம்னு மேல ரொம்பக் கவலைப்படுறாங்க. மூணே நாள்ல ஆராய்ச்சிக்கு உத்தரவு போட்டுட்டாங்க. நீங்க கேட்டு உறுதி பண்ணுங்க, திங்கக்கிழமை அனுப்பணும்."

தர்ஷினி கேட்டாள். இருநூறும் பெண்கள். சின்னக் குரல், கட்டைக் குரல், அழுகிற குரல், பக்கத்தில் குக்கர் விசிலடிக்கிற குரல். ஒவ்வொன்றும் ஒரு ஆண் பெயரைச் சொல்லி, ஆண் என்று சொல்லி, பிறகு அந்தச் சொல்லைச் சொன்னது. ஒவ்வொருத்திக்கும் வண்டி போயிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. உறுதி, பக்கவிளைவுதான் என்று எழுதிவிட்டால் போதும், இந்தக் கதவு திறந்தே இருக்கும். நூற்று அறுபதாவது அழைப்பு வரைக்கும் அப்படித்தான் எழுதுவதாக இருந்தாள். நூற்று அறுபத்தொன்றைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து, ஆபீசை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் உற்சாகமாக இருந்தார். மேஜையில் ஓட்டல் பொட்டலம்.

"உட்காரும்மா. ஸ்டெல்லா வியாழக்கிழமையே கோவில்பட்டிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா, அதான் ஓட்டல். முதல்ல நல்ல சேதி சொல்றேன். பெண்களுக்கு இதய நோய் நாப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு! ஆண்களுக்குத்தான் கூடியிருக்கு. அதனால அந்த ஒன்பது வருஷத்து ஃபைல், பெண்களுக்கான ஊசி சோதனை, இனிமே தேவையில்லன்னு மூடச் சொல்லிட்டாங்க. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

இது தர்ஷினி நினைத்துப் பார்க்காத கணக்கு. நோய்வாய்ப்பட்ட பெண்கள் எல்லாரும் ஆண்கள் பட்டியலுக்குக் குடிபோய்விட்டார்கள். பெண்கள் பட்டியலில் நோயே இல்லை. பொய் சொன்னால் பெண்கள் இன்றைக்கு உயிரோடு இருப்பார்கள், ஆனால் கணக்கில் என்றைக்கும் இல்லாதவர்களாகிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே கதவு மூடும். வேலை போகும், தம்பி பெயரில் படுத்துக் கிடந்த மதினி மேல் வழக்கு வரும்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"சார், அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கால் கேளுங்க."

"நீங்க கேட்டாச்சுல்ல? பக்கவிளைவுதானே?"

"நீங்களே கேட்டுச் சொல்லுங்க சார்."

ஹெட்போனை அவரிடம் நீட்டினாள். நூற்று அறுபத்தொன்று. அவளுக்கு அது மனப்பாடம். செவி கேட்கிறது, பெயர்? ஒரு பெண் குரல், சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியபடி, 'எபனேசர் ஞானராஜ்.' வயது? 'அறுபத்தொண்ணு.' ஆணா, பெண்ணா? 'ஆண்.' விலாசம், கோச்சடை. என்ன செய்கிறது? 'ஒரு மாதிரியா இருக்குங்க.' சார் சாப்பிட்டாரா என்று ஆபீசுக்குப் போன் செய்து தர்ஷினியிடம் விசாரிக்கிற அதே குரல். தேதி, போன வியாழக்கிழமை.

டாக்டர் முதலில் சும்மா கேட்டார். பிறகு அவர் கை இரண்டும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டன.

"மறுபடி போடுங்க" என்றார்.

போட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்னா? நாலு நாளா ஆஸ்பத்திரியிலயா இருக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை... நான் டாக்டர்ம்மா. முப்பத்தோரு வருஷமா அவகூட இருக்கேன்."

கேஸ் மாத்திரை போடச் சொன்னீங்களே சார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததைத் தர்ஷினி மென்று முழுங்கினாள். அவருக்கே அது ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"எவ்வளவு போட்டுச்சு செவி?"

"எண்பத்தொண்ணு சார். ஒம்பது நிமிஷத்துல வண்டி போயிருக்கு."

"பொம்பளைன்னு சொல்லியிருந்தா?"

தர்ஷினி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஆண் என்று இருந்ததை அழித்துப் பெண் என்று அடித்தாள். மற்ற எதையும் தொடவில்லை. அதே குரல், அதே மூச்சு, அதே சொல். திரையில் எண் மாறியது.

இருபத்தாறு.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டயர் கடைக்காரருக்கு இருபத்திரண்டு. பேனாவை மூடினார். ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு, போனை எடுத்தார். முதல் தடவை தப்பான எண்ணை அழுத்தினார். தர்ஷினி எழுந்து போகப் பார்த்தாள், இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள் ஸ்டெல்லா. அமைதியான அறையில் அது தர்ஷினிக்கும் கேட்டது.

"நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். தங்கச்சி நல்லாப் பாத்துக்கிறா." பழக்க தோஷத்தில், அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகிறவளைப் போலச் சொன்னாள். "இப்பத்தான் என்னமோ கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு, அவ்வளவுதான். ஓட்டல்ல என்ன வாங்குனீங்க?"

டாக்டர் எபனேசர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ஒரு மாதிரின்னா, எந்த மாதிரி ஸ்டெல்லா?"

முப்பத்தோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. ஸ்டெல்லா சொல்ல ஆரம்பித்தாள். தர்ஷினி ஒரு காகிதத்தை எடுத்து ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டாள்.